வேலை மேசைக்கு விளக்கு: கை ஒரு கடையில், பல்பு ஒரு கடையில்

பழைய டிரான்சிஸ்டர் ரேடியோக்களைப் பழுது பார்ப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் சால்டரிங் அயர்னையும் மல்டிமீட்டரையும் பார்த்துப் பார்த்து வாங்குகிறார்கள். விளக்கு என்று வரும்போது மட்டும் அறையில் எரிகிற டியூப் லைட்டே போதும் என்று இருந்துவிடுகிறார்கள். சேலத்துக் கடைகளில் எளிதாகக் கிடைக்கிற மூன்று வகை விளக்குகளை என் மேசையில் வைத்து வேலை செய்து பார்த்த அனுபவத்தில் இதை எழுதுகிறேன். அவை சுவரில் மாட்டும் 20 வாட் எல்இடி டியூப் லைட், மேசை விளிம்பில் கிளாம்ப் வைத்து முடுக்கும் மடக்குக் கை விளக்கு, லென்ஸைச் சுற்றி எல்இடி பதித்த உருப்பெருக்கி விளக்கு ஆகியவை. மூன்றில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், பல்பைக் கழற்றி மாற்றக்கூடிய ஹோல்டர் உள்ள மடக்குக் கை விளக்கையே வாங்குங்கள் என்பேன். கையை அதன் மூட்டுக்காகவும், பல்பை அதன் நிறத் துல்லியத்துக்காகவும் தனித்தனியே தேர்ந்தெடுக்க அது ஒன்றுதான் இடம் தருகிறது.

டியூப் லைட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 20 வாட் குழாய் ஏறத்தாழ 2000 லூமென் ஒளி தருகிறது. ஆனால் அது அறை முழுவதும் பரவிவிடுவதால் மேசைக்கு வந்து சேர்வது மிகக் குறைவு. ஒரு பரப்பில் வந்து விழும் வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளக்கிறார்கள்; நகை செய்யும் வேலைக்கு 1000 லக்ஸ், கைக்கடிகார வேலைக்கு 1500 லக்ஸ் என்று ஐரோப்பியத் தரநிலை சொல்கிறது. சுவரில் ஆளுயரத்துக்கு மேல் மாட்டிய ஒரு குழாய் அந்த அளவில் ஒரு சிறு பங்கைக்கூட மேசையில் தருவதில்லை. போதாததற்கு, குழாய் முதுகுப் பக்கம் இருந்தால் நம் தலையின் நிழலே சர்க்யூட் போர்டின் மேல் வந்து விழுகிறது. இருந்தாலும் அதை அணைத்துவிடக் கூடாது. மேசை மட்டும் பளிச்சென்றும் சுற்றுப்புறம் இருட்டாகவும் இருந்தால், நிமிரும்போதெல்லாம் கண் தன்னைச் சரிசெய்துகொண்டே இருக்க நேர்ந்து சீக்கிரம் களைத்துவிடும். அறை வெளிச்சத்துக்கு டியூப் லைட், வேலை வெளிச்சத்துக்குக் கை விளக்கு என்று இரண்டும் சேர்ந்து எரிவதே முறை.

ஸ்பிரிங் வைத்த மடக்குக் கை 1932இல் ஜார்ஜ் கார்வர்டின் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் உருவாக்கியது. அவர் வாகன சஸ்பென்ஷன் துறையில் வேலை செய்தவர். எங்கே நிறுத்தினாலும் அங்கேயே நிற்பதுதான் அந்த அமைப்பின் சிறப்பு. ஒளி, தூரத்தின் இருமடி விகிதத்தில் குறைவதால் 60 செ.மீ. உயரத்தில் இருக்கும் விளக்கை 30 செ.மீ. உயரத்துக்கு இறக்கினால் மேசையில் விழும் வெளிச்சம் ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. ஆகவே வாட் கூடிய பல்பைத் தேடுவதைவிடத் தாழ இறங்கி, இறங்கிய இடத்தில் நிற்கும் கையைத் தேடுவதே பயன் தரும். பழைய பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள மின்பொருள் கடைகளில் இப்போது கிடைக்கும் கை விளக்குகளில் ஒரு பகுதி ஸ்பிரிங் வகை, மற்றவை திருகுக் குமிழை இறுக்கி நிறுத்தும் வகை. குமிழ் வகை வாங்கிய புதிதில் நன்றாகத்தான் நிற்கிறது. அடிக்கடி அசைத்துப் பயன்படுத்தும்போது மூட்டின் பிளாஸ்டிக் வாஷர் தேய்ந்து, தலை மெல்ல மெல்லக் கவிழத் தொடங்குகிறது. கடையிலேயே பல்பை மாட்டி, கையை முழு நீளத்துக்கு நீட்டி, விரலை எடுத்துவிட்டுச் சற்று நேரம் காத்திருந்து பாருங்கள். தாழ்ந்தால் வேண்டாம்.

கிளாம்பின் வாய் அகலத்தையும் மேசைப் பலகையின் கனத்தையும் முன்கூட்டியே அளந்துகொண்டு போவது நல்லது. நம் பக்கத்தில் பலர் கடப்பா கல் பதித்த மேசையில் வேலை செய்கிறார்கள். கல்லின் மேல் கிளாம்பை நேராக முடுக்கினால் விளிம்பு பெயர்ந்துவிடும். பழைய சைக்கிள் டியூபிலிருந்து ஒரு துண்டு ரப்பரை வெட்டி இடையில் கொடுத்தால் கல்லும் தப்பும், பிடிப்பும் நழுவாது. விளக்கின் குடையில் மேற்புறம் துவாரங்கள் இருக்கின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும். எல்இடி பல்பின் சூடு அதன் அடிப்பகுதியில்தான் தேங்குகிறது. மூடிய குடைக்குள் காற்று போக வழியில்லாமல் போனால், சேலத்துச் சித்திரை வெயிலில் உள்ளிருக்கும் டிரைவர் (எல்இடிக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் சுற்று) சீக்கிரம் பழுதாகிவிடும்.

இனி பல்பு. என் கணிப்பில் பெரும்பாலோர் கோட்டை விடுவது இங்கேதான். ஒரு கிலோ ஓம் ரெசிஸ்டரில் பழுப்பு, கறுப்பு, சிவப்பு என்று பட்டைகள் இருக்கும்; பத்து கிலோ ஓம் ரெசிஸ்டரில் பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு. சிவப்பையும் ஆரஞ்சையும் கண் குழப்பிக்கொண்டால் மதிப்பு பத்து மடங்கு மாறிவிடுகிறது. நீல உடல் கொண்ட, ஒரு சதவீதப் பிழை எல்லை உள்ள ரெசிஸ்டர்களில் நிலைமை இன்னும் மோசம்; நீலப் பின்னணியில் பழுப்பும் சிவப்பும் ஏறக்குறைய ஒரே அழுக்கு நிறமாகத் தெரியும். இதற்குக் கண்ணைக் குறை சொல்லிப் பயனில்லை. சாதாரண வெள்ளை எல்இடி என்பது நீல ஒளி தரும் சில்லின் மேல் மஞ்சளாக ஒளிரும் பாஸ்பரைப் பூசியது. அந்த ஒளியில் ஆழ்ந்த சிவப்பின் பங்கு குறைவு. ஒளியில் இல்லாத நிறத்தைப் பட்டை எப்படித் திருப்பி அனுப்பும்?

இதை அளப்பதற்குத்தான் பெட்டியில் சிஆர்ஐ என்ற எண்ணை அச்சிடுகிறார்கள். உச்சம் 100, கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான பல்புகள் 80 என்ற அளவில் இருக்கின்றன. ஆனால் அந்த எண் எட்டு வெளிறிய நிறங்களை வைத்துக் கணக்கிடும் சராசரி மட்டுமே. ஆர்9 எனப்படும் ஆழ்ந்த சிவப்பு அந்தச் சராசரியில் சேர்வதில்லை. அதனால் சிஆர்ஐ 80 என்று போட்ட பல்பில் ஆர்9 பூஜ்யத்தை ஒட்டியும் இருக்கக்கூடும். 90 அல்லது அதற்கு மேல் உள்ள பல்புகளில் சிவப்பும் பெரும்பாலும் தேறிவிடுகிறது. சிஆர்ஐ 90 பல்பு எல்லாக் கடையிலும் இருப்பு இருப்பதில்லை. கேட்டு வரவழைக்க வேண்டியிருக்கும், விலையும் கூடும். நான் மாட்டியிருக்கும் 9 வாட் பல்பு அந்த வகைதான். அதே குடையில் சாதாரணப் பல்பையும் இதையும் மாற்றி மாற்றிப் போட்டு, கலந்து கிடந்த ஒரு கைப்பிடி ரெசிஸ்டர்களைப் பிரித்தபோது, மீட்டரில் வைத்துச் சரிபார்க்கும் அவசியமே பெருமளவு குறைந்துவிட்டது. கூடுதலாகக் கொடுத்த காசு அங்கேயே திரும்பிவிட்டது என்று சொல்வேன். வாங்கும்போது ஹோல்டர் பின் வகையா திருகு வகையா என்பதை மட்டும் கவனியுங்கள்.

நிறத் தன்மையைப் பொறுத்தவரை 4000 கெல்வின் எனக்குப் பிடித்திருக்கிறது. நம் கடைகளில் 6500 கெல்வின் வெள்ளைதான் எங்கும் நிறைந்திருக்கிறது; பகலில் அது சரி, இரவில் நெடுநேரம் அதன் கீழ் உட்கார முடிவதில்லை. 2700 கெல்வின் மஞ்சள் ஒளியில் ரேடியோவின் ஐஎஃப்டி (இடைநிலை அதிர்வெண் டிரான்ஸ்ஃபார்மர்) உறைகளின் மஞ்சள் தலையையும் வெள்ளைத் தலையையும் சட்டென்று பிரித்தறிய முடியாது. ஒன்றை மட்டும் அதற்குச் சாதகமாகச் சொல்லலாம்: ஏற்காட்டில் மழை விட்ட இரவில் சன்னலைத் திறந்துவைத்து வேலை செய்பவர்களுக்கு, மஞ்சள் ஒளியை நாடி வரும் பூச்சிகள் ஓரளவு குறைவு.

சிமிட்டலையும் சோதித்துத்தான் வாங்க வேண்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; மலிவான டிரைவர் உள்ள பல்பு நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கிறது. கண்ணுக்கு அது தெரியாமலிருக்கலாம். கைப்பேசியில் ஸ்லோ மோஷனில் படம் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இதனால் தலைவலி வருவது ஒரு பக்கம் இருக்கட்டும், நிமிடத்துக்கு 6000 சுற்று சுழலும் சிறு டிரில் இத்தகைய ஒளியில் அசையாமல் நிற்பதுபோலத் தோன்றக்கூடும். போர்டில் துளை போடுபவர்கள் இந்த ஒரு காரணத்துக்காகவே சிமிட்டும் பல்பை ஒதுக்கிவிட வேண்டும்.

உருப்பெருக்கி விளக்கைப் பற்றிக் கடைகளில் சொல்லப்படும் எண்களைக் கவனமாகக் கேளுங்கள். "ஐந்து எக்ஸ்" என்று சொல்லி விற்பது பல சமயம் ஐந்து டயாப்டர் லென்ஸாக இருக்கிறது; டயாப்டர் என்பது லென்ஸின் திறனை அளக்கும் அலகு, பெருக்கம் அல்ல. டயாப்டரை நான்கால் வகுத்து ஒன்றைக் கூட்டினால் வருவதே வழக்கமாகச் சொல்லப்படும் பெருக்கம். எனவே ஐந்து டயாப்டர் 2.25 மடங்குதான், மூன்று டயாப்டர் 1.75 மடங்கு. பெருக்கம் கூடினால் நல்லதுதானே என்று எட்டு டயாப்டரை வாங்கினால், குவியத் தூரம் 12.5 செ.மீ. ஆகிவிடும், லென்ஸுக்கும் போர்டுக்கும் நடுவே சால்டரிங் அயர்னை நுழைப்பதே பாடாகிவிடும். மூன்று டயாப்டரில் 33 செ.மீ. இடைவெளி கிடைப்பதால் கை தாராளமாகப் புழங்குகிறது. நான் பார்த்தவற்றில் எல்இடிகள் லென்ஸோடு நிரந்தரமாகப் பதிக்கப்பட்டிருந்தன; அவற்றின் நிறத் துல்லியம் சுமார்தான், மாற்றவும் வழியில்லை. நாற்பதைத் தாண்டி அருகுப் பார்வை மங்கியவர்களுக்கு இதைப் பரிந்துரைப்பேன், ஆனால் கை விளக்கோடு சேர்த்துத்தான். பகலில் லென்ஸின் மேல் மூடி கட்டாயம் இருக்க வேண்டும். சன்னல் வெயில் அதன் வழியே குவிந்து மேசையில் கிடக்கும் காகிதத்தைப் பற்றவைக்க வல்லது.

விளக்கை வைக்கும் இடத்துக்கு செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைகளைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. வெள்ளி, முகத்தில் அறைவதுபோல் ஒளியைத் திருப்பி அடிக்கும் உலோகம். அங்கே ஒரு பெரியவர் விளக்கைத் தலைக்கு நேர் மேலே வைக்காமல் இடப்பக்கம் தாழ இறக்கி, பற்றுப் பொடி வைத்து ஊதி இணைத்த கண்ணியைச் சாய்வாக விழும் ஒளியில் மெல்லத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கவனித்திருக்கிறேன்; பற்று ஓடாத இடத்தில் மயிரிழை போல் ஒரு நிழல் விழுகிறது. போர்டிலும் இதேதான். ஈயம் சரியாகப் பிடிக்காத மூட்டு நேர் ஒளியில் மற்றவற்றைப் போலவே மின்னும், பக்கவாட்டு ஒளியில் அதைச் சுற்றியுள்ள விரிசல் வளையம் தெரிந்துவிடும். வலக்கைக்காரர்கள் இடப்பக்கமும் இடக்கைக்காரர்கள் வலப்பக்கமும் விளக்கை வைத்தால் அயர்ன் பிடித்த கையின் நிழல் வேலையின் மேல் விழாது.

பகல் வெளிச்சத்துக்கு வடக்குச் சன்னலே சிறந்தது, அதில் நேர்வெயில் விழாது என்று ஆங்கில நூல்கள் சொல்வதை அப்படியே நம்பி மேசை போட்டுவிட வேண்டாம். அது வடக்கே தள்ளியிருக்கும் நாடுகளுக்குப் பெரும்பாலும் பொருந்தும். சேலத்தில் மார்ச் 21 தொடங்கி செப்டம்பர் 23 வரை சூரியன் நேர்க் கிழக்குக்குச் சற்று வடக்கே உதித்து, மேற்கிலும் அவ்வாறே வடக்கு சாய்ந்து மறைகிறது; ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து ஆகஸ்ட் பிற்பகுதி வரை உச்சி வேளையிலும் அது வடபக்கமே நிற்கிறது. அந்த மாதங்களில் காலையிலும் மாலையிலும் வடக்குச் சன்னல் வழியாகச் சாய்வெயில் மேசைமேல் விழும் என்பதால், கை விளக்கு வாங்கும்போதே ஒளியைப் பரப்பிவிடும் மெல்லிய வெள்ளைத் துணியும் ஒரு சன்னல் அளவுக்கு எடுத்துவந்துவிடுங்கள்.