லண்டன் கோட்டும் இரண்டு போத்தலும்

மச்சாள் லண்டனிலிருந்து அனுப்பிய பெட்டியில் அவள் போட்டுக் கழித்த மழைக்கோட்டு இரண்டும், மழைக்கோட்டைப் பராமரிக்கிற நிக்வக்ஸ் கம்பனியின் போத்தல் இரண்டும் இருந்தன. டெக் வோஷ் கழுவுவதற்கு, டிஎக்ஸ் டிரெக்ட் கழுவிய பிறகு தண்ணீர் ஒட்டாமலிருக்க மேலே விசிறுவதற்கு. ஒரு மாரி முழுக்கப் பாவித்துவிட்டு எழுதுகிறேன். கழுவுவது காசுக்குப் பெறுமதி. விசிறுவது இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கோட்டு இரண்டில் தேறியது ஒன்றுதான்.

தேறாததன் உள்பக்கம் கையில் பிசுபிசு என்று ஒட்டியது. மடிப்பை விரித்தால் வெள்ளைப் பொருக்குக் கொட்டியது, புளித்த வாடை வேறு. துணியின் உள்ளே தண்ணீர் புகாமல் பூசியிருக்கும் பொலியூறித்தேன் என்ற பிளாஸ்டிக் ஈரப்பதன் பட்டே வருடக்கணக்கில் கிடந்தால் இப்படிச் சிதைந்துவிடும். அதற்குப் பிறகு எந்தப் போத்தலாலும் ஒன்றும் ஆகாது. இப்போது அது என் ஸ்கூட்டி சீற்றுக்கு மூடியாக இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர் "பழைய கோட்டு ஒன்று கிடக்கு, வேணுமோ" என்று கேட்டால், உள்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கழுத்தடியும், தையலுக்கு மேல் ஒட்டியிருக்கும் நாடாவும் தெரியவேண்டும். வெளிப்பக்கம் படத்தில் எல்லாக் கோட்டும் வடிவுதான்.

மற்றக் கோட்டு கோர்-டெக்ஸ் என்ற துணி. இதில் தண்ணீரை மறிப்பது நடுவில் இருக்கும் மெல்லிய படலம். அதன் துளைகள் ஒரு நீர்த்துளியைவிட ஏறக்குறைய 20,000 மடங்கு சிறியவை என்பது கம்பனி சொல்லும் கணக்கு. மழை உள்ளே வராது, வியர்வை ஆவியாக வெளியே போகும். ஆனால் மேல்துணியில் தண்ணீர் ஒட்டாமல் உருளச் செய்வது வேறொரு பூச்சு. அழுக்கு, எண்ணெய், சவர்க்கார மிச்சம் எது படிந்தாலும் அந்தப் பூச்சு வேலை செய்யாது. துணி நனைந்து கறுக்கும், ஆவி போக வழியில்லாமல் உள்ளே ஈரமாகும். பழைய கோட்டைப் போட்டவர்கள் "ஒழுகுது" என்று தூக்கி எறிவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். படலம் நன்றாகத்தான் இருக்கும்.

கழுவுவதற்கு முதல் சிப்பையும் வெல்குரோவையும் பூட்டிக்கொண்டேன். கழுத்துப்பட்டியில் தலைக்கு வைக்கிற தேங்காயெண்ணெய் ஏறுவதுதான் எங்கள் ஆட்களின் கோட்டுக்கு முதல் எதிரி. மச்சாள் லண்டனிலும் எண்ணெய் வைப்பதை விடவில்லை என்பது அந்தப் பட்டியைப் பார்த்தாலே தெரிந்தது. அதில் டெக் வோஷைத் தண்ணீர் கலக்காமல் தடவி, பழைய பல்துலக்கியால் மெதுவாகத் தேய்த்தேன். பிறகு வாளியில் இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டு முழுக் கோட்டையும் ஊறவைத்து அமுக்கினேன். முறுக்கிப் பிழியக்கூடாது. வந்த தண்ணீரின் நிறத்தைச் சொல்லாமல் விடுகிறேன்.

அலசுவதில்தான் நேரம் போகும். பரந்தன் பக்கத்தில் எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சவர்க்காரம் சரியாக நுரைக்காது, காய்ந்தால் துணியில் வெள்ளை படியும். அதனால் கடைசி இரண்டு அலசலுக்கும் பீலியில் பிடித்த மழைத்தண்ணீர். டெக் வோஷ் கிடைக்காதவர்கள் வாசனை குறைந்த திரவச் சவர்க்காரம் கொஞ்சமாக விட்டு, அலசலை இரண்டு மடங்காக்கிப் பாருங்கள். சலவைத்தூளும் கம்ஃபோட் போன்ற மென்மையாக்கியும் வேண்டவே வேண்டாம்.

பிறகு சூடு காட்டவேண்டும், பழைய பூச்சு திரும்ப எழும்புவது சூட்டில்தான். உலர்த்தும் மெஷினில் 20 நிமிடம் என்று கோர்-டெக்ஸ்காரர் சொல்கிறார்கள். இங்கே எந்த வீட்டில் அந்த மெஷின்? நிழலில் காயவிட்டு, மேலே ஒரு துவாயை விரித்து, அயன்பொக்ஸைக் குறைந்த சூட்டில் வைத்து ஓட்டினேன். வெறும் பிளாஸ்டிக் றெயின்கோட்டில் இதைச் செய்துபார்க்காதீர்கள், உருகிவிடும்.

குவளையால் தண்ணீர் ஊற்றினால் முதுகிலும் கையிலும் தாமரை இலையில் போல உருண்டு ஓடியது. தோளில் மட்டும் பரவி ஊறியது. பையின் பட்டி உரஞ்சி அங்கே பூச்சே மிச்சமில்லை. விசிறும் போத்தல் அந்த இடத்துக்குத்தான் உதவியது. துணி ஈரமாக இருக்கும்போதே விசிறி, வழிவதை ஈரத்துணியால் ஒற்றி எடுக்கவேண்டும். முழுக்கோட்டுக்கும் அடித்திருந்தால் வீண்செலவு. இரண்டு போத்தலின் லண்டன் விலைக்கு இங்கே ஒரு புது றெயின்கோட் வாங்கலாம்.

சரி, மழையில் எப்படி? காலையில் பரந்தனிலிருந்து விசுவமடுவுக்குப் பள்ளிக்கூடம் போகிறேன். முல்லைத்தீவு வீதியில் மரநிழல் குறைவு, காற்று நேரே நெஞ்சில் அடிக்கும், எதிரே வரும் டிப்பர் கிறவல் சேற்றை மேலே வாரி இறைத்துவிட்டுப் போகும். மழை கூடி இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறந்த கிழமையிலும் சட்டையின் மேல்பாதி காய்ந்தபடி வகுப்புக்குள் போனேன். பிளாஸ்டிக் றெயின்கோட்டின் அவிச்சல் இதில் குறைவு. ஆனால் "மூச்சுவிடும் துணி" என்ற பேச்சை முழுதாக நம்பாதீர்கள். வெளியே குளிரும் வரட்சியும் இருந்தால்தான் ஆவி வேகமாக வெளியேறும். கார்த்திகை மாதத்து வன்னிக் காற்றே ஈரத்தில் தோய்ந்து நிற்கும்போது வியர்வை எங்கே போவது? ஸ்கூட்டியை நிறுத்தியதும் அக்குளடிச் சிப்பைத் திறந்துவிடுவேன், அது படலத்தைவிட நல்ல வேலை செய்கிறது.

பெரிய குறை நீளம். காற்சட்டையோடு மலையில் நடக்கிறவருக்கு வெட்டிய கோட்டு இது, இடுப்போடு நின்றுவிடும். ஸ்கூட்டியில் இருந்தால் வழிகிற தண்ணீர் முழுக்க மடியில் தேங்கி, சேலைக் கொய்யகம் வழியாகச் செருப்புவரை இறங்கும். இதற்குப் போத்தலில் மருந்தில்லை. அடுத்த பெட்டியில் டெக் வோஷ் மட்டும் போதும் என்று மச்சாளுக்குச் சொல்லிவிட்டேன். சேலைக்கு மேலால் முழங்காலுக்குக் கீழே வருகிற கோட்டு கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ விற்கிற கடை யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள், அதையும் வாங்கிப் பார்த்து எழுதுகிறேன்.