காமியானெட்ஸா, ஹோட்டினா? உக்ரைனின் இரண்டு கோட்டை ஊர்கள்

மேற்கு உக்ரைனில் நீஸ்டர் ஆற்றின் இருபுறமும், முப்பது கிலோமீட்டருக்கும் குறைவான இடைவெளியில், இரண்டு கோட்டை ஊர்கள் இருக்கின்றன. ஆற்றுக்கு வடக்கே காமியானெட்ஸ்-பொடில்ஸ்கி, ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவான மக்கள் வாழும் நகரம். தென்கரையில் ஹோட்டின், பத்தாயிரம் பேர்கூட இல்லாத சிற்றூர். ஒரு நாள்தான் கையில் இருக்கிறதென்றால் காமியானெட்ஸுக்குப் போங்கள். ஆனால் கோட்டை என்னும் கட்டடத்தை மட்டும் பார்க்க வேண்டுமென்றால் ஹோட்டினுக்கு ஈடு அந்த வட்டாரத்திலேயே இல்லை.

காமியானெட்ஸின் பலமே அதன் நிலம்தான். ஸ்மோத்ரிச் ஆறு பழைய நகரத்தைக் கிட்டத்தட்ட முழுவதுமாகச் சுற்றி வளைத்து ஓடுகிறது. செங்குத்தான பாறைப் பள்ளம்தான் ஊருக்கு இயற்கை அகழி. பள்ளத்தின் சுவரெல்லாம் 40 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய சிலூரியன் காலச் சுண்ணாம்புப் பாறை. கிட்டப் போய்ப் பார்த்தால் பவளமும் சிப்பியும் கல்லாகிக் கிடப்பது தெரியும். நகரத்துக்குள் நுழைய மேற்கே ஒரு குறுகிய கழுத்து மட்டும் உண்டு. கோட்டை அந்தக் கழுத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது.

பீரங்கி வந்ததும் இந்தக் கணக்கு மாறிவிட்டது. கழுத்துக்கு மேற்கே உள்ள சமவெளி எதிரிக்குப் பீரங்கி மேடையானது. அந்தப் பக்கத்தைக் காக்க 17ஆம் நூற்றாண்டில் கட்டிய புதுக்கோட்டைதான் 1672 ஆகஸ்டில் முதலில் விழுந்தது. ஒட்டோமான் (துருக்கி) சுல்தான் நான்காம் மெஹ்மத்தே நேரில் வந்திருந்த முற்றுகையில், அப்போது போலந்தின் கையிலிருந்த ஊர் இரண்டு வாரம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. 1699இல் கார்லோவிட்ஸ் உடன்படிக்கைப்படி போலந்துக்குத் திரும்பும்வரை 27 ஆண்டுகள் அது ஒட்டோமான் ஆட்சியில் இருந்தது.

அந்த 27 ஆண்டுகளின் அடையாளம்தான் இந்நகரின் தலைசிறந்த காட்சி. புனித பேதுரு பவுல் பேராலயத்தைப் பள்ளிவாசலாக்கி, பக்கத்தில் ஒரு மினாரா எழுப்பினார்கள். போலந்துக்காரர்கள் திரும்பி வந்த பிறகும் அதை இடிக்கவில்லை. 1756இல் அதன் உச்சியில் மாதா சொரூபத்தை நிறுத்தினார்கள். இன்றும் கத்தோலிக்கப் பேராலயத்தை ஒட்டி முழு மினாரா, அதன் மேல் மாதா. வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தால் இரண்டு நூற்றாண்டுச் சண்டை ஒரே தூணில் அடங்கியிருக்கிறது. ஹோட்டினில் இதற்கு ஈடாக எதுவும் இல்லை.

கோட்டைக்குள் இரண்டு கோபுரங்களைத் தவறவிடக் கூடாது. ஒன்று, 16ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் போப் இரண்டாம் ஜூலியஸ் கொடுத்த பணத்தில் கட்டிய போப் கோபுரம். உழவர்களின் கலகத் தலைவன் உஸ்திம் கர்மலியூக்கை மூன்று முறை அடைத்துவைத்ததால் ஊர்க்காரர்கள் அதைக் கர்மலியூக் கோபுரம் என்பார்கள். இன்னொன்று கருப்புக் கோபுரம். அதனுள் பாறையைக் குடைந்த, கிட்டத்தட்ட 40 மீட்டர் ஆழக் கிணறும், நீர் இறைக்கும் பெரிய மரச்சக்கரமும் இருக்கின்றன. முற்றுகையில் உணவுக்கு முன்னால் தீர்வது தண்ணீர் என்பதால் இந்தக் கிணறுதான் கோட்டையின் உயிர்நாடி.

பழைய நகரத்தில் போலந்துக்காரர், ரூத்தேனியர் (இன்றைய உக்ரைனியரின் முன்னோர்), ஆர்மீனியர் என்று தனித்தனிப் பகுதிகள் இருந்தன. போலந்துச் சந்தைத் திடலில் நகரமன்றமும் ஆர்மீனியக் கிணறும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. யூதர்களும் இங்கே பெருந்தொகையாக வாழ்ந்தார்கள். 1941 ஆகஸ்ட் 26 முதல் 28 வரை மூன்றே நாளில் நாஜிகள் இங்கே 23,600 யூதர்களைச் சுட்டுக் கொன்றார்கள். அவர்களில் பலர் ஹங்கேரி ஆட்சிப் பகுதியிலிருந்து துரத்தப்பட்டு வந்தவர்கள். இதை அறியாமல் அந்தத் தெருக்களில் நடப்பது ஊரைப் பாதி பார்ப்பதுதான்.

ஹோட்டின் வேறு மாதிரி. மேட்டிலிருந்து இறங்கிப் போனால், ஆற்றங்கரைப் பாறைமேல் ஒரே பிண்டமாகக் கோட்டை எழுந்து நிற்கும். இன்றைய ருமேனியா, மால்டோவா பகுதியில் இருந்த மால்டேவியாவின் மன்னர் மகா ஸ்தேபான் 15ஆம் நூற்றாண்டில் விரித்துக் கட்டியது. மதில் 5 மீட்டருக்குக் குறையாத கனம், சில இடங்களில் 40 மீட்டர் வரை உயரம். செங்கல்லில் இழைத்த கோலம் போன்ற வடிவங்கள் மதில் நெடுக ஓடுகின்றன. மதிலில் பெரிய ஈரக்கறை ஒன்று உண்டு. உயிரோடு சுவருக்குள் வைக்கப்பட்ட பெண்ணின் கண்ணீர் என்று கதை சொல்வார்கள்.

ஹோட்டினின் புகழ் வெளியே களத்தில் கிடைத்தது. 1621இல் போலந்து-லித்துவேனியப் படையும் தலைவர் சகைதாச்னியின் கோசாக்குகள் என்னும் உக்ரைனியப் போர்வீரர்களும் ஒட்டோமான் சுல்தான் இரண்டாம் உஸ்மானை இங்கே தடுத்து நிறுத்தினார்கள். போர் நடக்கும்போதே போலந்து-லித்துவேனியத் தளபதி ஹோத்கியேவிச் கோட்டைக்குள் நோயில் இறந்தார். அடுத்த ஆண்டே உஸ்மானை அவருடைய சொந்தப் படையினரான ஜானிசரிகள் கொன்றார்கள். 1673 நவம்பரில் போலந்துத் தளபதி யான் சொபியெஸ்கி இதே இடத்தில் ஒட்டோமான் படையை முறியடித்தார், மறுவருடம் போலந்து மன்னரானார். இந்த வரலாறு தெரியாமல் போனால் வெளியே வெறும் புல்வெளிதான் கண்ணில் படும். படித்துவிட்டுப் போங்கள்.

போக்குவரத்தில் காமியானெட்ஸுக்கே வசதி. கீவிலிருந்து ரயில் உண்டு. ஹோட்டினுக்கு ரயில் கிடையாது, பேருந்தோ மார்ஷ்ருட்கா என்னும் சிற்றுந்தோதான். நிறுத்தத்திலிருந்து கோட்டைக்கு அரை மணி நேரமாவது நடக்க வேண்டும், திரும்பும்போது ஏற்றம். தண்ணீரும் சாப்பாடும் கையில் இருக்கட்டும்.

பலரும் செய்யும் தவறு, பகல் முழுக்க காமியானெட்ஸில் கழித்துவிட்டு மாலையில் ஹோட்டினுக்கு ஓடுவது. வண்டிகள் குறைந்துவிடும், திரும்ப டாக்ஸியைத் தேட வேண்டியிருக்கும். இரண்டு நாள் இருந்தால் முதல் நாள் காலையிலேயே பழைய நகரத்தின் மேற்கு ஓரத்தில் நில்லுங்கள். சூரியன் முதுகுப் பக்கம் இருப்பதால் கோட்டைக்குப் போகும் பாலமும் கோட்டையும் முழு வெளிச்சத்தில் தெரியும். மாலையில் அதே இடத்தில் வெயில் கண்ணைக் கூசும். மறுநாள் ஹோட்டின். அது தெற்கே உள்ள செர்னிவ்ட்ஸி நகருக்குப் போகும் வழியில் இருப்பதால் திரும்பி வராமல் அப்படியே பயணத்தைத் தொடரலாம். பெட்டியை இழுத்துக்கொண்டு அந்தச் சரிவில் இறங்க முடியாது, முதுகுப்பை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஊரிலும் மழை பெய்தால் கல் வழுக்கும், பிடிப்புள்ள காலணி வேண்டும்.

2022 பிப்ரவரி 24 முதல் உக்ரைனின் வான்வெளி பயணிகள் விமானங்களுக்கு மூடியிருக்கிறது. போர் நடக்கும்வரை உள்ளே நுழைய போலந்து, ருமேனியா போன்ற அண்டை நாடுகளிலிருந்து தரைவழிதான். இரவு ஊரடங்கும் வான்தாக்குதல் எச்சரிக்கையும் மேற்கிலும் உண்டு. பெரும்பாலான பயணக் காப்பீடுகள் போர்ச் சேதத்தை ஏற்பதில்லை. சுற்றிப் பார்க்க மட்டும் என்றால் பயணத்தைத் தள்ளிவையுங்கள். போயே ஆக வேண்டியவர்கள் தங்கும் விடுதியில் முதலில் கேட்க வேண்டியது, பதுங்கும் நிலவறை எந்தப் பக்கம் என்பதை.