பழைய காருக்கு முழு செட்டா, வெறும் ஸ்ட்ரட்டா?

பழைய காரின் முன்பக்கம் துள்ள ஆரம்பித்தால் இரண்டு வழி: ஸ்ட்ரட்டோடு (சக்கரத்தின் துள்ளலை அடக்கும் ஷாக் அப்சார்பர் தூண்) ஸ்பிரிங், அதை பாடியோடு பிணைக்கும் மேல் மவுண்ட், பேரிங் எல்லாம் கோத்தே வரும் முழு செட், அல்லது புது ஸ்ட்ரட்டில் பழைய ஸ்பிரிங்கையே ஏற்றுவது.

முழு செட்டில் வேலை சுலபம். ஸ்பிரிங்கை அமுக்கிக் கழற்றும் ஆபத்தான கட்டமே கிடையாது. அமுக்கும் கருவியான கம்ப்ரஸர் நழுவினால் எலும்பே முறியும். ஆனால் மலிவான செட்டுகளில் ஒரே ஸ்பிரிங்கைப் பல மாடல்களுக்குப் போட்டுவிடுவதுண்டு. அப்படி வந்தால் வண்டியின் உயரமும் மாறும், பள்ளத்தில் தூக்கியும் போடும்.

தனி ஸ்ட்ரட் என்றால் கம்பெனி ஸ்பிரிங்கின் குணம் அப்படியே இருக்கும். ஸ்பிரிங் தொய்யாமல், துரு அரிக்காமல் இருந்தால் நான் இதைத்தான் எடுப்பேன். மவுண்ட்டும் பம்ப் ஸ்டாப்பும் (ஸ்ட்ரட் அடிவரை அமுங்கி இடிக்காமல் தடுக்கும் ரப்பர்) புதிதாகப் போட வேண்டும், அவ்வளவுதான். தொய்ந்திருந்தால்? சரி, ஸ்பிரிங் விலை, கூலி எல்லாம் சேர்ந்து கணக்கு முழு செட் பக்கம் சாய்ந்துவிடும்.

எதுவானாலும் இரு பக்கமும் ஜோடியாக மாற்றுங்கள். அப்புறம் வீல் அலைன்மென்ட்.