வீட்டுக்கல்விப் பெற்றோருக்கு என்.ஐ.ஓ.எஸ். தரும் துணை

மகளுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லித்தரத் தொடங்கிய நாள் முதல், உறவினர்கள் எல்லாரும் கேட்டது பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்கு என்ன வழி என்பதைத்தான். 1989இல் மத்திய அரசு தொடங்கிய தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனமான என்.ஐ.ஓ.எஸ். அந்தக் கவலையை அடியோடு நீக்கிவிட்டது. பதினான்கு வயது நிரம்பியிருந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம். ஒரு மொழியாவது இடம்பெறும்படி ஐந்து பாடங்களை நாமே தேர்ந்தெடுக்கலாம். ஓவியமும் ஒரு பாடம் என்று அறிந்ததும் மகள் ஓடிவந்து விண்ணப்பத் தாளில் கையெழுத்திட்டாள். அந்தத் தாளின் ஓரத்தில் அவள் விரலின் நீல வண்ணம் ஒட்டியிருக்கிறது.

ஐந்து ஆண்டுகளில் ஒன்பது முறை தேர்வெழுதலாம் என்பதும், தேறிய பாடத்தை மீண்டும் எழுத வேண்டியதில்லை என்பதும் இதன் பெரும்பலம். கணக்கை அடுத்த பருவத்துக்குத் தள்ளிவைத்த பிறகே எங்கள் வீட்டில் அழுகை நின்றது. பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றையே நகலெடுத்துத் தந்து பெருந்தொகை கேட்ட ஒரு தனியார் பயிற்சி மையத்தில் நாங்கள் ஏமாந்ததால், இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஆயினும் அன்றாடச் சோர்வில் தோள்கொடுக்கும் மனிதத் துணையை இந்நிறுவனத்திடம் எதிர்பார்க்க முடியாது. அதற்கு, அருகில் இதே வழியில் செல்லும் ஓரிரு குடும்பங்களைத் தேடிக்கொள்ளுங்கள்.