ஆறு சீசன், ஒரு சின்னக் கமரா, கொஞ்சம் கடல் நத்தைகள்

ஓடில்லாத கடல் நத்தைகளைப் படமெடுத்து இனம் பிரிப்பது என் பொழுதுபோக்கு. முதல் சீசனில் நான் எடுத்த படங்களில் முக்கால்வாசி இன்று எதற்கும் உதவாது. அழகாய்த்தான் இருக்கின்றன. எல்லாமே மேலிருந்து எடுத்தவை, டோர்ச் வெளிச்சம் இல்லாமல். ஐந்தாறு மீற்றர் ஆழத்திலேயே சிவப்பு மங்கிவிடும். கொம்பு செம்மஞ்சளா கறுப்பா என்பதே தெரியாத படத்தை வைத்துக்கொண்டு எந்த இனம் என்று சொல்வது?

திருகோணமலை நிலாவெளிக்கு எதிரே இருக்கும் புறாமலைத் தீவைச் சுற்றித்தான் என் வேலை. மே முதல் செப்டெம்பர் வரை கடல் தெளிவு. வாடைக்காற்று தொடங்கினால் கமரா அலுமாரிக்குள். 15 மீற்றர் வரை தண்ணீர் தாங்கும் சின்னக் கமரா, டோர்ச், படத்தைப் போட்டால் பெயர் சொல்லும் செயலி ஒன்று, இவ்வளவுதான் முதலீடு.

சில இனங்களுக்கு ஒரு படமே போதும். வெள்ளை உடம்பில் கறுப்பு வளையங்கள் போட்ட ஜொருன்னா ஃபுனெப்ரிஸை யாரும் தவறவிட முடியாது. 1859இல் இதற்குப் பெயர் வைத்தவர் இலங்கையிலேயே பிறந்த மருத்துவர் கெலார்ட். ஃபுனெப்ரிஸ் என்றால் மரணச் சடங்குக்குரியது. எனக்கென்னவோ அது துக்கம் காப்பதாகத் தெரியவில்லை.

சிக்கல் பில்லிடியா என்ற பேரினத்தில்தான். நீலச் சாம்பல் வரம்புகள், மஞ்சள் முனையுள்ள முண்டுகள். அதில் வரிக்கோசா, செலெஸ்டிஸ் என்ற இரண்டு இனங்களும் மேலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி. வரிக்கோசாவின் பாதத்துக்கு அடியில் நீளமாக ஒரு கறுப்புக் கோடு ஓடும், மற்றதற்கு இல்லை. அதற்காகப் பிரட்டிப் பார்க்கக் கூடாது. இது 2003இல் அறிவித்த தேசியப் பூங்கா என்பது ஒன்று. தொந்தரவு செய்தால் அது நஞ்சு கக்கும் என்பது இன்னொன்று. தொட்டியில் கூட இருந்த மீன்களை அது கொன்றதாக 1963இலேயே எழுதியிருக்கிறார்கள். அதனால் பாறை விளிம்பில் அது ஏறித் திரும்பும்வரை காத்திருப்பேன். சில நாள் காற்று முடிந்து மேலே வரவேண்டியதாகும்.

இப்போது ஒவ்வொன்றுக்கும் குறைந்தது நாலு படம்: முழு உடல், கொம்பு, செவுள், எதன் மேல் இருந்தது. கடைசியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இவற்றில் பல ஒரு சில கடற்பஞ்சுகளை மட்டுமே தின்னும். அந்தப் பஞ்சும் ஒரு தடயம்.

செயலியைப் பற்றி: பேரினம் வரை நம்பலாம். அதற்குமேல் அது சொல்வதைச் சந்தேகத்தோடுதான் கேட்கவேண்டும். மூன்றாம் சீசனில் ஒன்றைப் படமெடுத்தேன்: இரண்டு அங்குல நீளம், கறுப்பு, வெள்ளை, மஞ்சள் முண்டுகள். போட்டவுடன் 'பில்லிடியா' என்றது. நானும் குறித்துக்கொண்டேன். படகோட்டி அண்ணா எட்டிப் பார்த்துச் சிரித்தார். முன்பு கடல் அட்டை பிடிக்கச் சுழியோடியவர் அவர்.

"தம்பி, இது நத்தையில்லை, அட்டைக் குஞ்சு. கீழே காலைப் பாருங்கோ."

பெரிதாக்கிப் பார்த்தால் வரிசையாகக் குழாய்க் கால்கள், கொம்பே இல்லை. பியர்சனோதூரியா என்ற கடல் அட்டையின் குஞ்சு, நஞ்சுள்ள நத்தை மாதிரி வேஷம் போட்டுத் திரிகிறது. மீனை ஏமாற்றத்தான் அந்த வேஷம். செயலியும் நானும் இலவச இணைப்பு. தமிழில் சிலர் இந்த நத்தைகளையே 'கடல் அட்டை' என்று எழுதுவது வேறு கதை. அட்டை என்றால் கரையில் அவித்துக் காயப்போடுகிற அந்தச் சாமான்தான்.

பெயர் மாற்றங்களுக்கும் தயாராக இருங்கள். நான் வைத்திருக்கும் பழைய கையேட்டில் குளோசோடோரிஸ் என்றிருக்கும் கறுப்பு விளிம்புக்காரி இப்போது டோரிபிரிஸ்மாட்டிகா. குரோமோடோரிஸ் நத்தைகளில் நிறத்தையும் கோட்டையும் வைத்துப் பிரிப்பதே பல இடங்களில் பிழை என்று 2018இல் மரபணு ஆய்வு காட்டிவிட்டது. அந்த வகைக்கு என்னிடம் எத்தனை நல்ல படம் இருந்தும் பிரயோசனமில்லை.

சரி, கணக்கு என்ன? என் கோப்பில் இப்போது 31 பெயர்கள். அதில் பத்தொன்பதுக்கு இனப்பெயர், மிச்சம் பேரினத்தோடு நிற்கின்றன. போன சீசனில் மூன்றை இனத்திலிருந்து பேரினத்துக்கு நானே இறக்கினேன். இளஞ்சிவப்பு முண்டுகளோடு ஒரு பில்லிடியெல்லா (பில்லிடியாவுக்கு உறவான பேரினம்), எட்டு மில்லிமீற்றர்தான், கொம்பை உள்ளே இழுத்துக்கொண்ட நேரம் பார்த்து எடுத்துவிட்டேன். மே மாதம் அதே பாறைக்குத்தான் முதலில் போகவேண்டும்.