கயிறா, ஆஸ்பத்திரிக் குழுவா, ஏ.ஏ. கூட்டமா? குடியை நிறுத்த நினைக்கும் மதுரைக்காரருக்கு

மதுரைப் பக்கம் ஒருவர் குடியை நிறுத்தப் போகிறேன் என்றால் வீட்டில் முதலில் வரும் யோசனை கோயிலில் கயிறு கட்டுவது. அது பலிக்காவிட்டால் எங்கேயாவது மையத்தில் ‘சேர்த்துவிடுவது’. வாரா வாரம் போய் உட்காருகிற ஏ.ஏ. கூட்டம், அதாவது குடித்தவர்களே கூடிப் பேசி ஒருவருக்கொருவர் துணையாக இருக்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், பல வீடுகளில் பேச்சிலேயே வராது. என்னைக் கேட்டால் அதைத்தான் முன்னால் வைப்பேன்.

ஆனால் ஒரு விதிவிலக்கு. காலையில் கை நடுங்கி, ஒரு கட்டிங் போட்டால்தான் நடுக்கம் நிற்கிறது என்ற நிலையில் இருப்பவர் முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும். திடீரென நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதையொட்டி இல்லாத உருவம் தெரிவது, பிதற்றுவது, காய்ச்சல் என்று முற்றி உயிருக்கே ஆபத்தாகலாம். கயிறு கட்டிய மூன்றாம் நாள் ‘சாமி வந்துருச்சு’ என்று வீடு நினைப்பது இதுவாகவும் இருக்கலாம். பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே போய்விட்டு மற்றதை யோசிக்கலாம்.

கயிற்றை நான் கேலி செய்யவில்லை. பயபக்தியில் பலர் நிஜமாகவே நிறுத்துகிறார்கள். “மாலை போட்டா ஒரு சொட்டு தொடமாட்டாரு, மனசு வச்சா முடியும்” என்று மனைவிமார் சொல்வதும் உண்மைதான். சிக்கல் என்னவென்றால், கயிற்றுக்கும் மாலைக்கும் ஒரு கடைசி நாள் இருக்கிறது. ஒரு மண்டலம் முழுக்க மனசு அந்த நாளை எண்ணிக்கொண்டே இருக்கும். மாலையைக் கழற்றிய அன்று மாலையே கடை வாசலில் நிற்பவரை எல்லா ஊரிலும் பார்க்கலாம். ஏ.ஏ.வில் கணக்கு வேறு: இன்றைக்கு ஒரு நாள் குடிக்கவில்லை, அவ்வளவுதான். நாளைக்கு நாளை பார்த்துக்கொள்ளலாம். காத்திருந்து கொண்டாட அங்கே கடைசி நாள் என்று ஒன்று இல்லை.

அப்புறம் ஆஸ்பத்திரியும் மறுவாழ்வு மையங்களும் நடத்துகிற குழுக்கள். ஆலோசகர் முன்னின்று நடத்துவார், மாத்திரையைக் கவனிக்க டாக்டர் பக்கத்திலேயே இருப்பார். தூக்கமின்மை, மனச்சோர்வு, ஈரல் பாதிப்பு என்று கூடவே வேறு தொல்லை இருப்பவருக்கு இதுதான் சரி. குறை, இவை பெரும்பாலும் பகல் நேரத்தில் நடக்கும். உசிலம்பட்டியிலிருந்தோ மேலூரிலிருந்தோ வருகிற கூலித் தொழிலாளிக்கு ஒரு நாள் சம்பளம் போகும். நாலாவது வாரம் வர மாட்டார்.

ஏ.ஏ. கூட்டம் பொதுவாகச் சாயங்காலம்தான். டாஸ்மாக் பகல் 12 முதல் இரவு 10 வரை திறந்திருக்கிற ஊரில், வேலை முடிந்து கால் தானாகக் கடைப் பக்கம் திரும்புகிற அந்த ஒன்றிரண்டு மணி நேரத்தை வேறு இடத்தில் கழிப்பதே பாதி வைத்தியம். கட்டணம் இல்லை, உண்டியல் சுற்றி வரும்போது முடிந்ததைப் போடலாம், போடாமலும் இருக்கலாம். வருகைப் பதிவேடு கிடையாது, முழுப் பெயர் கேட்பதில்லை. நம் ஊரில் இது சாதாரண விஷயமா? ‘எந்த ஊர், யாரு மகன்’ என்று தொடங்காத பேச்சு வேறெங்கே நடக்கிறது! 1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் குடியில் சீரழிந்த ஒரு பங்குத் தரகரும் ஒரு டாக்டரும் உட்கார்ந்து பேசித் தொடங்கியது இது. இன்றும் அங்கே பேசுகிறவர் எல்லோரும் குடித்தவர்களே. 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் 2020-ம் ஆண்டு மதிப்பாய்வு, ஏ.ஏ.வோடு இணைத்துவிடும் முறையான சிகிச்சை, தொடர்ந்து குடிக்காமலிருக்க மற்ற மனநலச் சிகிச்சைகளைவிடக் கூடுதலாக உதவுகிறது என்று கண்டது.

‘நம்மை மீறிய சக்தி’ என்ற பேச்சு அங்கே வரும். நாத்திகருக்கு அது நெருடலாம். கடவுள் பேச்சே இல்லாத ஸ்மார்ட் ரெக்கவரி என்ற வேறொரு குழுவின் கூட்டம் இணையத்தில் கிடைக்கிறது, ஆங்கிலம் சரளமாக வர வேண்டும்.

இணையக் கூட்டங்களைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை. கேமராவை அணைத்துவிட்டுக் குடித்துக்கொண்டே கேட்கலாம். ஆனால் பெண்களுக்கு என் தீர்ப்பு நேர்மாறு: ஆண்கள் நிறைந்த கூடத்துக்குள் தனியாக நுழைவதைவிட, பெண்களுக்கான இணையக் கூட்டமே முதல் படியாக இருக்கட்டும். கடைசி பஸ் எட்டு மணிக்குப் போய்விடுகிற கிராமத்துக்காரருக்கும் அதுதான் வழி. குடிக்கிறவர் வர மறுத்தாலும் குடும்பத்தார் தங்களுக்காகப் போக அல்-அனான் என்ற தனிக் கூட்டம் இருக்கிறது.

பக்கத்துத் தெருவா, தூரமா? தெரிந்தவர் பார்த்துவிடுவார் என்ற பயத்தில் அண்ணாநகர்க்காரர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆரப்பாளையம் வரை போக நினைப்பார். முதல் மாதம் அப்படியே போகட்டும். ஆனால் மழை பெய்தாலும் நடந்து போகிற தூரத்தில் இருப்பதுதான் நிலைக்கும். தெரிந்தவர் உள்ளே உட்கார்ந்திருந்தால் அவரும் அதே காரணத்துக்காகத்தான் வந்திருப்பார்.

இடமும் நேரமும் மாறும், அதனால் போன் செய்துவிட்டுப் போங்கள். போதை மீட்பு உதவிக்கு 14446, மனநல ஆலோசனைக்குத் தமிழிலேயே பேச டெலி-மானஸ் 14416, இரண்டும் இலவசம். திறந்த கூட்டம் என்றால் மனைவியோ அண்ணனோ கூட வரலாம். மூடிய கூட்டம் குடிப்பவருக்கு மட்டும். அன்றைக்குக் குடித்துவிட்டோமே என்று தயங்க வேண்டாம். குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றுதான் தகுதி. பேசாமல் பின் வரிசையில் உட்கார்ந்து கேட்டால் போதும்.