டூயல் பூட் லேப்டாப்பில் மெனு வரவில்லையா? ‘டிஸ்க் போச்சு’ என்று சொல்லும் கடையில் உஷார்

சென்னையில் பெரம்பூர், வியாசர்பாடி, மூலக்கடை, கொடுங்கையூர் பக்கம் கல்லூரிப் பிள்ளைகள் பலர் ஒரே லேப்டாப்பில் விண்டோஸும், லினக்ஸ் வகையைச் சேர்ந்த உபுண்டுவும் என இரண்டு ஓஎஸ் (ஆபரேட்டிங் சிஸ்டம்) வைத்திருக்கிறார்கள். இதுதான் டூயல் பூட். அவர்களுக்கும், ரிப்பேருக்குப் பணம் கட்டும் பெற்றோருக்கும் இந்தப் பதிவு.

பெரம்பூரில் ஒரு சர்வீஸ் கடைக்குப் பொறியியல் மாணவி ஒருவரின் லேப்டாப் போனது. புகார் இரண்டு. விண்டோஸ் அப்டேட் ஆன பிறகு, எந்த ஓஎஸ் வேண்டும் என்று கேட்கும் மெனு வராமல் நேராக விண்டோஸுக்குள் போய்விடுகிறது. உபுண்டுவில் வேலை செய்துவிட்டு விண்டோஸுக்கு வந்தால் கடிகாரம் தப்பாகக் காட்டுகிறது. மறுநாள் கடையிலிருந்து போன்: “ஹார்டு டிஸ்க் வீக் ஆயிடுச்சும்மா, சிமாஸ் பேட்டரியும் போயிடுச்சு. ரெண்டையும் மாத்தினாதான் ஓடும்.” (சிமாஸ் பேட்டரி என்பது மதர்போர்டின் கடிகாரத்தை ஓடவைக்கும் சிறு பேட்டரி.) எஸ்எஸ்டி 3,400, பேட்டரி 450, ஓஎஸ் போட 900, பேக்கப் 1,200, சர்வீஸ் 550 என மொத்தம் 6,500 ரூபாய். பில் ஒரு துண்டுச் சீட்டில்.

வீட்டுக்கு வந்த மெஷினில் 512 ஜிபி என்விஎம்இ (வேகமான வகை) டிஸ்க் இருந்த இடத்தில் 256 ஜிபி சாட்டா (மெதுவான வகை) டிஸ்க். உபுண்டு இல்லை, அதில் இருந்த ப்ராஜெக்ட் கோப்புகளும் இல்லை. பேக்கப் என்று எடுத்தது விண்டோஸின் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர் மட்டும். பழைய டிஸ்க்கைக் கேட்டால் “அது எக்ஸ்சேஞ்சுல போயிடுச்சு” என்றார்கள்.

இது எவ்வளவு பெரிய அநியாயம் என்று புரிய ஒரு விஷயம் போதும். கடைக்குள் போகும்போது அந்த லேப்டாப்பில் விண்டோஸ் ஒழுங்காகத் திறந்தது. அதே டிஸ்க்கின் இன்னொரு பகுதியில்தான் உபுண்டு இருந்தது. மெனு மட்டும் வரவில்லை என்பதை வைத்து டிஸ்க் போய்விட்டது என்று சொல்ல முடியாது. டிஸ்க்கின் தொடக்கத்தில் ஈஎஃப்ஐ என்று ஒரு சிறு பார்ட்டிஷன் உண்டு, பெரும்பாலும் சில நூறு எம்பிதான். விண்டோஸுக்கு ஒரு ஃபோல்டர், உபுண்டுவுக்கு ஒரு ஃபோல்டர் என இரண்டு பூட்லோடர்களும் (ஓஎஸ்ஸைத் திறந்துவிடும் சிறு புரோகிராம்கள்) அதற்குள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். எதை முதலில் எடுப்பது என்ற வரிசை மதர்போர்டின் நினைவகத்தில் இருக்கும். பெரிய அப்டேட் வரும்போது விண்டோஸ் சில சமயம் தன் பெயரை அந்த வரிசையில் மேலே ஏற்றிக்கொள்ளும். இந்த லேப்டாப்பில் தெரிந்த அறிகுறி அப்படியே இதுதான். சரிசெய்ய இரண்டு நிமிடம் போதும், பைசா செலவில்லை.

அந்த இரண்டு நிமிட வேலை இது. லேப்டாப்பை ஆஃப் செய்து ஆன் செய்யும்போதே பூட் மெனு கீயைத் தட்டுங்கள். ஹெச்பியில் எஃப்9, டெல், லெனோவோவில் எஃப்12, ஆசஸில் எஸ்கேப். ஏசரிலும் எஃப்12தான், ஆனால் பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரை) அதை முதலில் எனேபிள் செய்ய வேண்டியிருக்கும். வரும் பட்டியலில் ‘உபுண்டு’ இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். திறந்துவிட்டால் எல்லாம் பத்திரமாக இருக்கிறது என்று அர்த்தம். பிறகு பயாஸுக்குள் போய் பூட் ஆர்டரில் உபுண்டுவை விண்டோஸ் பூட் மேனேஜருக்கு மேலே வைத்து சேவ் செய்யுங்கள்.

பட்டியலில் உபுண்டுவே இல்லை என்றாலும் பதற வேண்டாம். 8 ஜிபி பென்டிரைவில் உபுண்டு போட்டு அதிலிருந்து திறந்து, ‘ட்ரை உபுண்டு’ கொடுத்து, டிஸ்க்ஸ் என்ற செயலியில் எக்ஸ்ட்4 (லினக்ஸ் வகை) பார்ட்டிஷன் தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் பூட் ரிப்பேர் என்ற இலவசக் கருவியை நிறுவி ‘ரெகமண்டட் ரிப்பேர்’ ஓட்டினால் கிரப் (ஓஎஸ் மெனுவைக் காட்டும் உபுண்டுவின் பூட்லோடர்) பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். நெட் வேண்டும், போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் செய்தால் போதும். இதற்கு நேர்மாறாக, கிரப் வருகிறது, விண்டோஸ் மட்டும் பட்டியலில் இல்லை என்றால்: கிரப் 2.06 முதல் மற்ற ஓஎஸ்களைத் தேடும் ஓஎஸ் ப்ரோபர் தானாக ஓடாது. கிரப்பின் டீஃபால்ட் கோப்பில் ‘டிஸேபிள் ஓஎஸ் ப்ரோபர்’ வரியை ‘ஃபால்ஸ்’ ஆக்கி, அப்டேட் கிரப் கட்டளை கொடுங்கள்.

2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் அப்டேட் தனிக் கதை. லினக்ஸைத் திறக்க உதவும் ‘ஷிம்’ என்ற பூட்லோடரின் பழைய பதிப்புகளைத் தடுக்கும் பட்டியல் (எஸ்பிஏடி) ஒன்றை அது மதர்போர்டில் ஏற்றியது. பல டூயல் பூட் மெஷின்களில் லினக்ஸைத் திறந்தால் ‘ஷிம் எஸ்பிஏடி டேட்டா ஃபெயில்ட், செக்யூரிட்டி பாலிசி வயலேஷன்’ என்று காட்டி ஆஃப் ஆனது. பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் ஹார்டுவேரில் எதுவும் போகவில்லை. பயாஸில் செக்யூர் பூட்டை (நம்பகமான பூட்லோடரை மட்டும் அனுமதிக்கும் பாதுகாப்பு) ஆஃப் செய்து, லினக்ஸில் ‘மோக்யூட்டில்’ என்ற கட்டளையால் எஸ்பிஏடி பாலிசியை ‘டிலீட்’ என்று அமைத்து, ரீஸ்டார்ட் செய்து மீண்டும் ஒருமுறை லினக்ஸைத் திறந்து, லினக்ஸை அப்டேட் செய்த பிறகு செக்யூர் பூட்டை ஆன் செய்யலாம்.

ஆனால் ஒன்று. செக்யூர் பூட்டைத் தொடும் முன் பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) ரிகவரி கீயை எழுதி வையுங்கள். 48 இலக்க எண் அது. விண்டோஸ் 11 லேப்டாப்புகள் பலவற்றில் நமக்குத் தெரியாமலே டிஸ்க் என்கிரிப்ட் ஆகியிருக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்ளே போனால் அந்த மெஷினின் பெயரில் கீ இருக்கும். அது இல்லாமல், கீ கேட்கும் நீலத் திரையில் மாட்டினால் டேட்டாவை எந்தக் கடையாலும் எடுக்க முடியாது. கடைக்காரர் “ஃபார்மட்தான் ஒரே வழி” என்பதும் பெரும்பாலும் இந்தத் திரையைப் பார்த்துத்தான்.

அடுத்து, அந்த 450 ரூபாய் பேட்டரி. உபுண்டு மதர்போர்டு கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை எழுதும். விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று படிக்கும். இந்தியாவில் அந்த வித்தியாசம் சரியாக ஐந்தரை மணி நேரம். காலை 10 மணிக்கு விண்டோஸ் 4.30 காட்டினால் பேட்டரியில் ஒரு குறையும் இல்லை. உண்மையில் பேட்டரி போயிருந்தால் தேதியே பல வருடம் பின்னால் போய்விடும். உபுண்டுவில் ‘டைம்டேட்சிடிஎல்’ கட்டளையால் லோக்கல் ஆர்டிசியை (மதர்போர்டு கடிகாரத்தில் உள்ளூர் நேரம் வைக்கும் அமைப்பு) 1 என்று அமைத்தால் தீர்ந்தது. மாணவியின் லேப்டாப்பின் அடிமூடியைத் திறந்து பார்த்ததில் அந்த மாடலில் தனி சிமாஸ் பேட்டரியே கிடையாது. இல்லாத பொருளை மாற்றியதாகப் பணம் வாங்கியிருக்கிறார்கள்.

டிஸ்க்கும் அப்படித்தான். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் எல்லாம் ஒரே திரையில் தெரியும். ‘டிரான்ஸ்ஃபர் மோடு’ என்ற இடத்தில் என்விஎம்இ டிஸ்க்குக்குரிய பிசிஐஇ என்று வர வேண்டியது சாட்டா 600 என்று வந்தது. சாட்டாவின் வேகம் நொடிக்கு சுமார் 550 எம்பிதான், மூன்றாம் தலைமுறை என்விஎம்இ 3,000க்கு மேல் போகும். புதிது என்று விற்ற டிஸ்க்கில் ‘பவர் ஆன் ஹவர்ஸ்’ 4,112. யாரோ வருடக்கணக்கில் ஓட்டிய பொருள். விண்டோஸும் ஹோம் லைசென்ஸ் உள்ள மெஷினில் கிராக் செய்த ப்ரோ. லேப்டாப்போடு வந்த லைசென்ஸ் மதர்போர்டிலேயே பதிவாகியிருக்கும், அதே ஹோம் எடிஷனைப் போட்டிருந்தால் தானாகவே ஆக்டிவேட் ஆகியிருக்கும். இப்படிப் போடும் கேஎம்எஸ் கிராக்கின் ஆயுள் 180 நாள்தான், புதுப்பிக்காவிட்டால் ‘ஆக்டிவேட் செய்யுங்கள்’ என்ற வாட்டர்மார்க் திரையில் வரும், திரும்பக் கடைக்கு நடக்க வேண்டும்.

“ஃபார்மட் பண்ணாலும் ரிகவரி பண்ணித் தரேன்” என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். எஸ்எஸ்டியை விண்டோஸில் ஃபார்மட் செய்ததும் ட்ரிம் கட்டளை (பழைய தரவைத் துடைக்கச் சொல்வது) டிஸ்க்குக்குப் போய்விடும், பழைய தரவு மீள்வது அநேகமாக நடக்காது. விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் லினக்ஸ் பார்ட்டிஷனுக்கு டிரைவ் எழுத்து இருக்காது. தெரியாதவர் கண்ணுக்குக் காலி இடம் போலத் தெரியும், அழித்துவிடுவார். கொடுக்கும்போதே அந்தத் திரையைக் காட்டி, இது காலி இல்லை என்று ஜாப் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

கொடுக்கும் முன் டிஸ்க்கின் மாடல், சீரியல் நம்பர், ரேமின் அளவு தெரியும் திரையை போட்டோ எடுங்கள். ‘கேட்காமல் ஃபார்மட் செய்யக் கூடாது, கழற்றிய பாகத்தைத் திருப்பித் தர வேண்டும்’ என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துப் போடத் தயங்கும் கடையில் மெஷினை வைக்காதீர்கள், ரிச்சி ஸ்ட்ரீட்டாக இருந்தாலும் தெருமுனைக் கடையாக இருந்தாலும்.

ஏமாந்துவிட்டவர்கள் துண்டுச் சீட்டையும், ஜிபே, போன்பே ரசீதையும், வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்காமல் வையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தீரவில்லை என்றால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை.

பழைய டிஸ்க் கடையிலேயே தங்கிவிட்டது என்றால் புகாருக்கும் முன்னால் வேறு வேலை இருக்கிறது. அதில் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், ஆதார், மார்க்‌ஷீட் ஸ்கேன் எல்லாம் இருக்கும். இன்றைக்கே வேறு மெஷினிலிருந்து கூகுள் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றி, அந்த லேப்டாப்பை ‘சைன் அவுட்’ செய்துவிடுங்கள். அடுத்து வங்கி, அதற்கடுத்து கல்லூரி மெயில்.